கொழுவாத மண் கம்பி

மச்சான்,

இன்று காலை முனகல் பெட்டி முனகியது.

முதலில் என் மூக்கைத்தான் பிடித்துப் பார்த்தேன். நீ சிரிப்பாய், தெரியும். உன்னை வெருட்டுவதற்காக வருடக் கணக்கில் மூக்கால் முனகித் திரிந்தவன், வயது போகப் போகத் தன்னை அறியாமலே முனகத் தொடங்கிவிட்டானோ என்று எனக்கே ஒரு சந்தேகம். மூக்கைப் பொத்தினேன். வாயையும் பொத்தினேன். சத்தம் நிற்கவில்லை. அது பெட்டிக்குள் இருந்துதான் வந்தது.

எந்தப் பெட்டி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கீரிக் கரையில் எங்கள் ஐஸ் கொம்பனியின் பின் வளவில், கம்பி வேலிக்குள் நின்ற அதே பெட்டி. தலையில் மூன்று பீங்கான் கொம்பு, கீழே எண்ணெய் நிரப்பிய இரும்பு வயிறு. உங்கள் மின்சாரக் கந்தோர்க்காரர் புதியது ஒன்றைப் பூட்டிவிட்டு இதைக் கழற்றி மதிலோரம் தள்ளிவிட்டுப் போனது நீ இருக்கும்போதே நடந்தது. இப்போது அதற்குள் எண்ணெய் இல்லை. மேலே வந்த தடித்த கம்பியும் இல்லை, கீழே போன மெல்லிய வயரும் இல்லை. உடைமர நிழலில் கிடக்கிறது. கோழி ஏறி நின்று கூவும், அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

பழைய இரும்பு எடுக்கிற லொறி வருகிறது, பெட்டியைச் சுற்றிப் புல்லை வெட்டி வை என்று முதலாளி சொன்னபடியால்தான் கத்தியும் கையுமாகப் போனேன். சோளகக் காற்று ஓய்ந்து வாடைக் காற்று தொடங்காத நாட்கள். காற்று என்ற பேச்சே இல்லை. தூரத்துக் காற்றாலைகள் கையை விரித்தபடி அப்படியே நின்றன. மதில் நிழலில் வழக்கமாக நிற்கிற கழுதைகள் இன்று வெயிலுக்குள் போய் நின்றன. எல்லாம் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதை மட்டும் பின்னால் திருப்பிக்கொண்டு.

நான் கதை கொடுத்துப் பார்த்தேன். நண்டு விலை ஏறியதைச் சொன்னேன். தோட்டவெளியில் எங்கள் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றியதைச் சொன்னேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதையும், பார்த்த மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் ஓடியதையும் சொன்னேன்.

நான் கதைத்துக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். இதை வாசிக்கப் போகிற மற்றவர்களுக்குத் தெரியாது. ஆகவே உனக்குத் தெரிந்த கதையை உனக்கே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுகிற மடல். எழுத்துப் பிழையை மகள் பார்த்துத் தருவாள். பொய்ப் பிழை இருந்தால் நீதான் பார்க்க வேண்டும்.

நீ மின்சாரக் கந்தோரின் ஆள். பெரிய கொம்பனிகளின் மீற்றர்களைச் சோதிப்பது உன் வேலை. நான் ஐஸ் கட்டிகளைத் தொட்டியில் இருந்து தூக்கிச் சறுக்கிப் பலகையில் தள்ளுகிறவன். மீற்றர் பார்க்க வரும்போதெல்லாம் நீ என்னிடம் ஒரு துண்டு ஐஸ் கேட்பாய், நான் உன்னிடம் ஒரு பீடி கேட்பேன். அப்படித்தான் ஆரம்பித்தது. உன் தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து, தீவைப் பெருநிலத்தோடு இணைக்கிற பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து குடியேறியவர்கள். நீ இந்த உப்புக் காற்றிலேயே வளர்ந்தாலும் வாயில் மட்டும் தேயிலைக் கொழுந்து மாறவில்லை. நாங்கள் 'ஓம்' என்போம், நீ 'ஆமா' என்பாய். நீ 'ஆமா' சொல்லும்போதெல்லாம் நான் 'சாமி' என்று சேர்த்துவிடுவேன். நீ பதிலுக்கு என்னைப் 'புளுகா' என்றாய். அந்தப் பெயர் கொம்பனி முழுக்கப் பரவி, கடைசியில் என் மனைவியும் அப்படியே கூப்பிடத் தொடங்கியதற்கு நீதான் காரணம்.

அந்தப் பெட்டிக்கு உங்கள் தாளில் அழுத்த நிலைமாற்றி என்று பெயர். வாயில் நுழையாத பெயர். நான் முனகல் பெட்டி என்று வைத்தேன், அதுவே நிலைத்தது. நீ பெட்டிக்கு முன்னால் குனிந்து வேலை செய்யும்போது நான் வேலிக்கு வெளியே பதுங்கி வந்து, மூக்கால் 'ம்ம்ம்' என்று அதே சுருதியில் இழுப்பேன். நீ துள்ளுவாய். சில நாள் "கையை எடு, கரண்ட்!" என்றும் கத்துவேன். அதற்கும் துள்ளினாய். கொஞ்சக் காலம் போக நீ துள்ளுவதை விட்டுவிட்டாய். திரும்பிக்கூடப் பார்க்காமல், மூக்கை மூடு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாய்.

நீ சொந்தமாக ஒரு பழக்கம் வைத்திருந்தாய். கரண்ட்டை வெட்டிய பிறகு, நுனியில் விளக்கு வைத்த நீண்ட சோதனைக் கோலை அந்தக் கொம்புகளுக்குக் கிட்டக் கொண்டுபோவாய். கொண்டுபோகும்போது பெட்டியிடம் மெல்லக் கேட்பாய்: "இருக்கியா?" விளக்கு எரியாவிட்டால் ஆள் இல்லை. அதோடு விடமாட்டாய். பையில் இருந்து மண் கம்பியை எடுத்து, ஒரு முனையை நிலத்தில் அடித்த முளையிலும் மறுமுனைக் கவ்வியைக் கொம்பிலும் கொழுவிய பிறகுதான் கை வைப்பாய். ஆள் இல்லையென்றால் பிறகு எதற்கு இந்தக் கம்பி என்று ஒருநாள் கேட்டேன்.

"மண்ணுல கட்டுற வரைக்கும் எதுவும் செத்தது இல்லடா" என்றாய்.

சரி, அந்தக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் மீற்றரில் ஒரு விசித்திரம் நடக்கிறது என்று ஒருநாள் நீ வந்தாய். ஒவ்வொரு நாளும் பொழுதுபடும் நேரம் மீற்றரில் மின் அழுத்தம் கொஞ்சம் தலை குனிகிறதாம். கோயிலில் அந்தி மணி அடிக்கிற அதே நேரம். இரவு முழுக்கக் குனிந்தே இருந்துவிட்டு விடிய மறுபடி நிமிர்கிறதாம். உள்ளே மோட்டர்களுக்குப் போகிற கரண்ட்டை உன் கையில் இருந்த மீற்றரால் அளந்து பார்த்தாய். அங்கே ஒரு குறையும் இல்லை. கரண்ட் நேராக நிற்கிறது, கணக்குப் பார்க்கிற கண்ணுக்கு மட்டும் குனிந்து தெரிகிறது. அன்று அந்தி மணி அடிக்கும்போது நாங்கள் இருவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கோயில் மணி ஓய்ந்தது. திரையில் இலக்கம் மெல்ல இறங்கியது, முழங்காலில் நிற்கப் போகிறவன் இறங்குவது போல. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். பகிடிக்குத்தான் போட்டேன். ஆனால் கை தானாகவே முடித்தது.

அது ஏன் அப்படி என்று நீ விளக்கியது சறுக்கியின் விளிம்பில் இருந்து பிளேன்டீ குடிக்கும்போது. பெட்டிக்குள் இரண்டு பக்கம் சுருள்கள். மேலே வருகிற முப்பத்து மூவாயிரம் வோல்ட் முதற்சுருளுக்கு. அதை மீற்றருக்கு நேரே காட்டினால் மீற்றர் சாம்பல். ஆகவே அந்தப் பக்கம் முந்நூறு சுற்று என்றால் இந்தப் பக்கத் துணைச்சுருளில் ஒரு சுற்று. முப்பத்து மூவாயிரம் நூற்றுப்பத்தாகச் சுருங்கி வந்து நிற்கும். மீற்றர் அந்தக் குட்டியைப் பார்த்துத் தாயின் உயரத்தைச் சொல்லும். எனக்கு இது வேறு மாதிரி விளங்கியது. கரையில் மீன் ஏலம் போகும்போது வாங்குகிறவன் படகு முழுவதையும் கிளறுவதில்லை. ஒரு மீனைத் தூக்கிப் பார்ப்பான், படகுக்கே விலை சொல்வான். இதைச் சொன்னதும் நீ என் முதுகில் தட்டினாய். அந்த மீன் பார்க்கிற மீன், தின்கிற மீன் இல்லை என்றாய். துணைச்சுருள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பெட்டியின் தகட்டில் வெட்டி வைத்திருக்கிறது. இந்தப் பெட்டியில் இரண்டு துணைச்சுருள், ஒன்று கணக்குப் பார்க்க, மற்றது காவலுக்கு. இரண்டுக்கும் ஒரு சின்ன விளக்கு எரிக்கிற அளவுதான் சீவன். அதற்கு மேல் எதையாவது கொழுவினால், தாய் நேராக நிற்கும், குட்டி மட்டும் களைத்துக் குனிந்துவிடும்.

அப்படியென்றால் எங்கோ ஒருவன் பார்க்கிற மீனைத் தின்கிறான். யாரென்று பார்க்க, ஒரு நாள் மத்தியானம் கொம்பனியின் கரண்ட்டை முழுதாக வெட்டிவிட்டுப் பெட்டியின் அடி மூடியைத் திறக்கத் தீர்மானித்தாய்.

அந்த மத்தியானத்தை நான் நினைக்கும்போது முதலில் வருவது அமைதிதான். ஐஸ் கொம்பனியில் அமைதி என்று ஒன்று கிடையாது. இயந்திரம் இரவு பகலாக இரையும். அன்று எல்லாம் நின்றுவிட்டன. தொட்டியில் உப்புத் தண்ணீர் அசைவதுகூடக் கேட்டது. பெட்டிக்கு மேலே வருகிற பக்கமும் உள்ளே போகிற பக்கமும் நீ இணைப்புகளைத் திறந்துவிட்டாய். முறிந்த கைகள் போல அவை தொங்கின. இரண்டு பக்கமும் வெறும் ஆகாயம். நடுவில் பெட்டி தனியே நின்றது. கோலை நீட்டினாய். "இருக்கியா?" விளக்கு எரியவில்லை.

அடுத்தது மண் கம்பி. ஆனால் இந்தத் தீவில் செம்பு கிடந்தால் ஒரு மாதத்தில் உப்புப் பூத்துவிடும். பூத்த செம்பைக் கவ்வி பிடிக்காது. ஆகவே கவ்வியைக் கொழுவ முதல், கொம்பின் செம்பு நுனியைச் சின்னக் கத்தியால் சுரண்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். நீயும் சுரண்டுவாய். சோதித்துப் பார்த்ததற்கும் மண்ணில் கட்டுவதற்கும் இடையில் அந்தச் சின்ன நேரம் மட்டும்தான் உன் கை வெறுங்கை. நீ பெட்டி நின்ற திண்டில் ஏறி, கத்தியை எடுத்து, கையை உயர்த்தினாய்.

அப்போதுதான் அது முனகியது.

வழக்கமான முனகல் இல்லை, மச்சான். கரகரத்த, தொண்டை கட்டியவன் மூக்கால் இழுக்கிற மாதிரி ஒரு முனகல். நான் செய்வது போலவே இருந்தது, சொன்னால் நம்பமாட்டார்கள். எனக்கே ஒரு கணம் என் சத்தம் எனக்கு முன்னால் போய் நிற்கிறது போல இருந்தது. மதிலோரம் நின்ற கழுதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெயிலுக்குள் நடந்தன. நீ திரும்பவில்லை.

"போதும்டா புளுகா. மூக்க மூடு."

உன் கை கொம்புக்குப் போய்க்கொண்டிருந்தது. கத்தியிருக்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். என்னத்தைக் கத்துவது? 'கையை எடு' என்பதையும் 'கரண்ட்' என்பதையும் நான் எத்தனை தரம் கத்திவிட்டேன். என்னிடம் இருந்த சத்தம் எல்லாம் பகிடிக்கே செலவாகிப் போயிருந்தது. கத்தினால் நீ சிரித்துக்கொண்டே தொடுவாய். வீட்டுக்குள் கதைக்கிற குரலில்தான் வந்தது:

"மச்சான், நான் கதைச்சுக்கொண்டிருக்கிறன். அது நிக்கேல்ல."

உன் கை நின்றது. ஒருவன் மூக்கால் முனகிக்கொண்டே கதைக்க முடியாது. அதை நீ யோசித்து முடிக்கிற வரை நான் வாய்க்கு வந்ததைக் கதைத்துக்கொண்டே நின்றேன். என் குரலும் அந்த முனகலும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. நீ கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்து, பின்பக்கமாகவே திண்டில் இருந்து இறங்கினாய். கோலை எடுத்து நீட்டினாய். இந்த முறை நீ ஒன்றும் கேட்கவில்லை. விளக்கு சிவப்பாகப் பற்றிக்கொள்ள, கோல் கூவியது.

மேலே பார்த்தாய், இணைப்புத் திறந்து கிடந்தது. உள்ளே பார்த்தாய், அதுவும் திறந்து கிடந்தது. ஊரிலிருந்து ஒன்றும் வரவில்லை, கொம்பனியிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட பெட்டி, முப்பத்து மூவாயிரத்தையும் தலையில் வைத்துக்கொண்டு முனகிக்கொண்டு நிற்கிறது. உன் முகத்தில் இரத்தம் இல்லை. "எங்கயிருந்துடா வருது?" என்று என்னைக் கேட்டாய். நீ என்னிடம் பகிடி இல்லாமல் கேட்ட முதல் கேள்வி அது.

நான் சுற்றிப் பார்த்தேன். கொம்பனி முழுக்க ஒரு விளக்கு இல்லை. தூரத்தில், வாசலில், மாதா சிலை நிற்கிற கெபியில் மட்டும் கிரீடம் எரிந்துகொண்டிருந்தது. நீல நட்சத்திரங்கள், மத்தியான வெயிலில்.

அந்த மாதாவை வாசலில் வைத்தது எங்கள் காவலாளி சூசை அண்ணன். வங்காலை ஊரவர். முன்பு இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவர், வயர் வேலையும் கொஞ்சம் தெரியும். சுரூபத்தை அவருடைய தங்கச்சி கனடாவில் இருந்து அனுப்பியிருந்தா. தலையில் விளக்குக் கிரீடத்தோடு. கனடாக் கரண்ட் நூற்றுப்பத்து, எங்கள் கரண்ட் இருநூற்றுமுப்பது. எங்கள் கரண்ட்டில் கொழுவினால் மாதாவின் தலை பற்றி எரியும். சூசை அண்ணன் தேடித் திரிந்து, பெட்டியின் தகட்டில் நூற்றுப்பத்து என்று வெட்டியிருப்பதைக் கண்டுவிட்டார். மாதாவே காட்டித் தந்த இலக்கம் என்று நம்பினார். அடி மூடியின் பூட்டை உப்பு தின்றிருந்தது. மூடியைத் திறந்து உள்ளே கொழுவிய வயரை மணலுக்குள் புதைத்துக் கெபி வரைக்கும் கொண்டுபோய், அதன்மேல் வெள்ளைச் சிப்பி அடுக்கினார். அழகுக்கு என்று நாங்கள் நினைத்தோம். அந்தி மணிக்குக் கிரீடத்தைப் போடுவார், விடிய அணைப்பார். குட்டி களைத்துக் குனிந்த இரகசியம் அதுதான். தங்கச்சி இன்னொன்றும் அனுப்பியிருந்தா. கார் பற்றரியில் செருகினால் கனடாக் கரண்ட் தருகிற ஒரு சின்னப் பெட்டி. ஊரில் கரண்ட் போனால் மாதா இருட்டில் நிற்கக் கூடாது அல்லவா. கரண்ட் போன நேரங்களில், பகலானாலும், அதைக் கிரீடத்து வயரில் செருகிவிடுவார். அந்த வயரின் மறுமுனை இன்னும் முனகல் பெட்டியின் வயிற்றில்தான் இருக்கிறது என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அன்று கரண்ட்டை நீ வெட்டினாய். மத்தியானச் செபத்துக்கு மணி அடித்தது. அவர் முழங்காலில் நின்று பிளக்கைச் செருகினார்.

நீ கிரீடத்தைப் பார்த்தாய். சிப்பி வரிசையைப் பார்த்தாய். சிப்பியின் வழியே கண்ணை வைத்துக்கொண்டு வேலி வரைக்கும் வந்தாய். ஓடிப் போய்ப் பிடுங்குவாய் என்று நினைத்தேன். நீ நடந்து போய் அவருக்குப் பக்கத்தில் குந்தினாய்.

"அண்ணே, செபத்த முடிச்சிட்டு, அந்தப் பிளக்க மெல்லக் கழட்டுங்க."

அவர் கழற்றினார். நட்சத்திரங்கள் அணைந்தன. பின் வளவில் முனகலும் அதே நொடியில் அணைந்தது.

பிறகு நீ சறுக்கியில் வந்து இருந்தாய். என்னிடம் ஒரு துண்டு ஐஸ் கேட்டு, அது கரைகிற வரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்திப் பிடித்திருந்தாய். சூசை அண்ணன் வந்து நின்றார். அந்த மனிதன் அழுத அழுகை. நீ அவரை ஏசவில்லை. முந்நூறு சுற்றுக்கு ஒரு சுற்று என்றால் அது இறங்குவதற்கு மட்டும் போட்ட படி இல்லை, இந்தப் பக்கத்தால் நூற்றுப்பத்தை அனுப்பினால் அந்தப் பக்கத்தால் முப்பத்து மூவாயிரம் எழும்பி வரும் என்று மெல்லச் சொன்னாய். "அதுக்குப் போறது வாறது தெரியாதுண்ணே. சுத்து மட்டும்தான் தெரியும்." மாதாதான் காப்பாற்றினா என்றார் அவர். என் மூக்கு என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு நீ சிரித்தாய். பிறகு நிறுத்த முடியாமல் மூன்று பேரும் சிரித்தோம்.

அந்த வயரை அன்றே வெட்டினாய். சில நாளில் நீயே ஒரு குட்டி நிலைமாற்றி கொண்டுவந்து, வீட்டுக் கரண்ட்டை நூற்றுப்பத்தாக்கிக் கெபிக்குள் பூட்டிக் கொடுத்தாய். இதில் கிரீடம் மட்டும், வேறு ஒரு மின்மினிப் பூச்சிகூடக் கொழுவக் கூடாது என்று சூசை அண்ணனிடம் சத்தியம் வாங்கினாய். அது இன்றைக்கும் எரிகிறது.

ஆனால் உனக்குள் ஒன்று எரிந்து போனது. அதை நான் மட்டும்தான் அறிவேன். அதன் பிறகு உனக்கு எந்த முனகலும் ஆகாமல் போனது. வீட்டுக் குளிர்ப்பெட்டி, கோயில் மணி ஓய்ந்த பிறகு நிற்கிற ரீங்காரம், பலாப்பழத்தில் மொய்க்கிற ஈ. கேட்டால் என் போனுக்கு அடிப்பாய். வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது. "ஏதாச்சும் பேசு" என்பாய். நான் ஐஸ் கட்டியைத் தூக்கிக்கொண்டே நண்டு விலை, முதலாளியின் வழுக்கை, மனைவி வைத்த சொதி என்று புளுகுவேன். நீ மறுபக்கம் காது கொடுத்துக்கொண்டிருப்பாய், என் பேச்சோடு சேர்ந்து முனகலும் ஓடுகிறதா என்று. கொஞ்சம் பொறுத்து "நின்னுருச்சு" என்று சொல்லி வெட்டிவிடுவாய்.

ஒருநாள் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு நான் வந்திருந்தேன். செத்தவர்களுக்கும் எங்களுக்கும் நடுவிலும் அப்படி ஒரு பெட்டி இருக்குமோ என்று சும்மா பகிடிக்குக் கேட்டேன். நீ பகிடியாக எடுக்கவில்லை. இருந்தால் அவர்கள் அந்தப் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள், இங்கே ஒரு ஊசி அசைகிற அளவுதான் வந்து சேரும் என்றாய். அதில் நிறையக் கொழுவினால் அதுவும் குனிந்துவிடும். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, "செத்தவங்கள சத்தம் போட்டுக் கூப்புடக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும். இங்க ஒன்னு, அங்க முந்நூறு" என்றாய். எனக்கு முதுகு குளிர்ந்தது. குளிரை மறைக்க ஒரு பகிடி விட்டேன். நீ முதலில் போனால் மூக்கால் முனகு, நான் கதைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "ஆமா" என்றாய். அன்று நான் 'சாமி' சேர்க்கவில்லை.

உன் கடைசி அழைப்பு அதே பாலத்தில் இருந்துதான் வந்தது. காலை பஸ். உன் பெயர் திரையில் வந்தது. எடுத்தேன். 'ஏதாச்சும் பேசு' என்று நீ சொல்லவில்லை. மறுபக்கம் ஒரு முனகல் மட்டும் கேட்டது. பஸ் எஞ்சின்தான், வேறென்ன. சொல்ல மறந்துவிட்டாய் என்று நினைத்து நான் வழக்கம் போலத் தொடங்கினேன். சூசை அண்ணனின் புதுப் பல்லுக்கட்டைப் பற்றிச் சொன்னேன். அது கோப்பி குடிக்கும்போது கோப்பைக்குள் விழுந்ததைச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. நான் விடவில்லை. இன்னும் சொன்னேன், இருக்கிறதையும் இல்லாததையும் சொன்னேன். நீ 'நின்னுருச்சு' என்று சொல்வாய் என்று காத்துக்கொண்டே கதைத்தேன். கடைசியில் கொண்டக்டர் பெடியனின் குரல் வந்தது.

"ஐயா, இவர் உங்கட ஆளோ? நித்திரை எண்டுதான் நினைச்சம். எழும்புறாரில்ல."

நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். நான் கதைக்கத் தொடங்கும்போது நீ இருந்தாயா, இல்லையா என்று டொக்டருக்கும் தெரியவில்லை. எந்தச் சொல்லில் நீ இறங்கிப் போனாய் என்று நான் இன்னும் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். கோப்பை வரைக்குமாவது இருந்திருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். நல்ல இடம் அது.

உன்னை எரித்தார்கள். சாம்பலைப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் கடலில் கரைத்தார்கள், நீ அப்படிக் கேட்டிருந்தாயாம். எட்டாம் நாள் வீட்டுக்குப் போனபோது உன் மனைவி அலுமாரியில் இருந்து ஒரு பையை எடுத்துத் தந்தா. உன் மண் கம்பி. கந்தோருடையது இல்லை, நீ சொந்தமாகச் செய்தது. "இத நீங்களே வச்சுக்கங்கண்ணே. வீட்டுல இருந்தா அவரு வேலைக்குப் போகாம நிக்கிற மாதிரி இருக்கு" என்றா.

அந்தப் பையைத்தான் இன்று காலை என் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன்.

பெட்டியைச் சுற்றிப் புல்லை வெட்டினேன். குளவிக் கூடு இருக்கிறதா என்று மூன்று கொம்புக்குள்ளும் குச்சி விட்டுப் பார்த்தேன், இல்லை. அடி மூடியைத் திறந்தேன். துணைச்சுருளின் வாய்கள் வெறுமையாக இருந்தன. ஒன்றும் கொழுவியிருக்கவில்லை, ஒரு நூல்கூட. முளையை மணலில் அடித்தேன். கம்பியின் ஒரு முனையை அதில் கட்டினேன். உப்புப் பூத்த கொம்பு நுனியைச் சுரண்டினேன். மற்ற முனைக் கவ்வியைக் கையில் எடுத்தேன். முனகல் அதே கரகரப்போடு ஓடிக்கொண்டிருந்தது. கழுதைகள் காதை அசைக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அது விளங்கியது. மண்ணில் கட்டுகிற வரைக்கும் எதுவும் செத்தது இல்லை என்றாய். எங்கள் ஆட்கள் எல்லாரும் மண்ணுக்குள் இருக்கிறார்கள், தலைமாட்டில் சிலுவையோடு. உன்னைத்தான் யாரும் மண்ணில் கட்டவில்லை. உன் சொந்தச் சட்டப்படி உன் வேலை இன்னும் முடியவில்லை.

கவ்வியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பெட்டிக்குக் கிட்டப் போனேன். இவ்வளவு காலமும் உன்னை எல்லாருக்கும் கேட்கக் கூப்பிட்டு, நக்கலடித்து, கத்தித் திரிந்தவன். இன்று வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு மட்டும் படுகிற மாதிரிக் கேட்டேன். இந்தப் பக்கத்தில் ஒன்று என்றால் அந்தப் பக்கத்தில் முந்நூறு அல்லவா. உன் காது நோகக் கூடாது.

"இருக்கியா?"

முனகல் நின்றது. அணைவது போல நிற்கவில்லை. யாரோ பேச்சை நிறுத்திக் காது கொடுப்பது போல நின்றது.

நான் இன்னொன்றும் கேட்கவில்லை. கேட்க எவ்வளவோ இருந்தது. கோப்பை வரைக்கும் இருந்தாயா என்று கேட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சின்னச் சுருளில் அவ்வளவு பாரத்தைக் கொழுவக் கூடாது என்று சொல்லித் தந்தவன் நீ.

முளையைப் பிடுங்கினேன். கம்பியைச் சுற்றிக் கவ்வியோடு சாரத்து மடியில் செருகிக்கொண்டேன். இப்போது எழுதும்போதும் அது இடுப்பில் குத்திக்கொண்டுதான் இருக்கிறது. இரும்பு லொறி வருகிற அன்று, பெட்டியில் அவர்கள் கை வைக்க முதல், இந்தக் கம்பியோடு வாசலில் நான் நிற்பேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அன்றைக்குக் கொழுவுவேனா என்று இப்போது கேட்காதே.

இன்றைக்கு நான் கொழுவவில்லை, மச்சான்.